இணைநோய்: அம்மாவுக்குச் சொல்ல ஒரு சொல்

அகராதி பாணியில் சொன்னால் இவ்வளவுதான்: இணைநோய், பெயர்ச்சொல், ஒருவருக்கு இருக்கும் முதன்மை நோயோடு சேர்ந்து காணப்படும் இன்னொரு நோய், ஆங்கிலத்தில் கோமார்பிடிட்டி. ப்ரூஃப் பார்க்கும் வேலையில் இந்தச் சொல்லை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன், ஒற்று சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. போன வருஷம் ஆடி மாதத்தில் இது என் சொந்த ஃபைலுக்குள் வந்த பிறகுதான் இதைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

எனக்கு 38 வயது. பதற்றத்துக்காக டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தேன், நாலைந்து மாதம் பேசிப் பேசி, பள்ளிக்கால ரிப்போர்ட் கார்டு வரைக்கும் கேட்டு, பல சோதனைகள் செய்து, கடைசியில் இரண்டு பக்க ரிப்போர்ட் கொடுத்தார்கள். மேலே பதற்றக் கோளாறு. அதற்குக் கீழே கோமார்பிட் என்று போட்டு, ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனம் ஓரிடத்தில் நிற்காமல் அலைபாயும் நிலை), தைராய்டு குறைவு. ராயப்பேட்டையில் வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார், "என்னம்மா போட்டிருக்கு, தமிழ்ல படிச்சுச் சொல்லு." ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த இடத்தில் கைக்கு வந்த ஒரே தமிழ்ச்சொல் இணைநோய். சொன்னேன். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டார். "கொரோனா டைம்ல டிவில சொல்லுவாங்களே, அதுவா?"

அதேதான். 2020க்கு முன்னால் இந்தச் சொல் மருத்துவக் கட்டுரைகளைத் தாண்டி அதிகம் வெளியே வரவில்லை. அந்த வருஷம் தினமும் சாயங்காலம் செய்தியில் வந்தது, இத்தனை பேர் இறந்தார்கள், அதில் இணைநோய் உள்ளவர்கள் இத்தனை பேர் என்று. சென்னையில் அந்த மாதங்களை வீட்டுக்குள் உட்கார்ந்து கழித்த யாருக்கும் இது வெறும் மருத்துவச் சொல் இல்லை. சாவோடு சேர்த்து மனப்பாடம் ஆன சொல் அது. என் அம்மா சர்க்கரை, பிபி இரண்டும் உள்ளவர், அந்த வரி வரும்போதெல்லாம் ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியை அணைத்தவர். அவரிடம் போய் மகளுக்கு இணைநோய் மூன்று என்று சொன்னால் என்ன ஆகும்? நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

சரி, சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். லத்தீனில் மார்பஸ் என்றால் நோய், கோ என்பது சேர்ந்திருப்பதைக் காட்டும் முன்னொட்டு. இரண்டையும் கோத்து 1970ல் கோமார்பிடிட்டி என்று பெயர் வைத்தவர் ஆல்வன் ஃபைன்ஸ்டைன் என்ற அமெரிக்க மருத்துவர். அவருடைய கவலை நியாயமானது. ஒரு நோய்க்கான சிகிச்சை பலன் தந்ததா என்று கணக்கெடுக்கும்போது, நோயாளிக்கு ஏற்கெனவே இருக்கும் மற்ற நோய்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் முடிவு தப்பாகப் போகும் என்றார். இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது என்னவென்றால், எது முதன்மை நோய் என்பதை உடம்பு முடிவு செய்வதில்லை, எந்த நோயை ஆராய்கிறார்களோ அதுதான் முதன்மை. சர்க்கரை டாக்டரிடம் போனால் சர்க்கரை முன்னால், இதயம் பின்னால். இதய டாக்டரிடம் போனால் அப்படியே தலைகீழ். நான் பதற்றம் என்று போனேன், அதனால் பதற்றம் மேலே நிற்கிறது. பிறந்ததிலிருந்து இருக்கிற ஆட்டிசம், முப்பது வயதுக்கு மேல் வந்த தைராய்டோடு ஒரே வரியில் கீழே நிற்கிறது. இந்த ஒன்று புரிந்தபோதே எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது. அந்தப் பட்டியல், டாக்டர்கள் கண்டுபிடித்த வரிசை. நான் ஆன வரிசை வேறு.

இனி தமிழ்ப் பக்கம். இணை நல்ல சொல், சமமாகப் பக்கத்தில் நிற்பது என்று பொருள். ஈடு இணை இல்லை என்கிறோம், இணைபிரியாத என்கிறோம், மாட்டை ஜோடியாகப் பூட்டினாலும் இணைதான். கோமார்பிடிட்டியில் ஒன்று முதன்மை, மற்றது அதோடு சேர்ந்தது என்ற படிநிலை இருக்கிறது, தமிழில் இணை என்றதும் அந்தப் படிநிலை போய்விடுகிறது. என்னைக் கேட்டால் மூலத்தைவிட இது மேல். ஏனென்றால் என் பதற்றமும் என் ஆட்டிசமும் ஒன்றுக்கொன்று கீழ்ப்பட்டவை இல்லை. சத்தமான கல்யாண மண்டபத்தில் எனக்கு மூச்சு முட்டும்போது, எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று யாராலும் பிரிக்க முடியாது.

சிக்கல் பின்பாதியில். நோய். இதன் வேர் நோ, வலித்தல். நோவு, நோதல், நொந்துபோனேன் எல்லாம் ஒரே குடும்பம். சங்க அகப்பாடல்களில் நோய் என்று வந்தால் பெரும்பாலும் காய்ச்சலோ வயிற்றுக்கடுப்போ இல்லை, பிரிவில் மனசு படும் வேதனை. மருத்துவம் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கிளைதான். இந்தப் பழைய பொருளை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

மருத்துவப் பொருளில் ஆட்டிசம் நோயா? இல்லை. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு. தொற்றாது, மாத்திரையால் போகாது, போகவேண்டிய அவசியமும் இல்லை. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக இதைச் சேர்த்திருக்கிறது. அதற்கு முந்தைய 1995 சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் என்ற பேரே கிடையாது, நான் பள்ளிக்கூடத்தில் பெல் அடிக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த வருஷங்கள் அவை. மணிச் சத்தத்துக்கு நடிக்கிறாள் என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். நின்றேன்.

ஆட்டிசத்துக்கே தமிழில் என்ன சொல் என்ற கேள்வி அப்புறம் வந்தது. கிரேக்கத்தில் ஆட்டோஸ் என்றால் தான். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் 1910, 11 வாக்கில் இந்தச் சொல்லை உருவாக்கினார், ஆனால் இன்றைக்கு நாம் ஆட்டிசம் என்று சொல்கிறோமே அதற்காக இல்லை. மனச்சிதைவு உள்ள பெரியவர்கள் வெளி உலகத்திலிருந்து விலகித் தனக்குள் போய்விடுவதற்கு அவர் வைத்த பெயர் அது. 1943ல் அமெரிக்காவில் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல்லை இரவல் வாங்கினார், இந்தக் குழந்தைகள் விலகிப் போனவர்கள் இல்லை, தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் என்று அவரே வேறுபடுத்தியும் காட்டினார். ஆனாலும் பழைய பெயரின் வாசனை போகவில்லை. அந்த வாசனைதான் நம்ம ஊர் அரசு ஆவணங்களில் புற உலகச் சிந்தனையற்றோர் என்று வந்து நிற்கிறது. மொழிபெயர்த்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, வேர்ச்சொல்லைப் பார்த்துப் பெயர்த்திருக்கிறார்கள். ஆனால் நூறு வருஷத்துக்கு முந்தைய தவறான சித்திரமும் கூடவே வந்துவிட்டது. எனக்குப் புற உலகம் இல்லாமலா இருக்கிறது? பக்கத்து வீட்டு குக்கர் எத்தனை விசில் வந்தது என்று எனக்குத் தெரியும், ட்யூப்லைட் முனகுவது கேட்கும், ரங்கநாதன் தெருவில் பத்து நிமிஷம் நடந்தால் அன்றைக்கு முழுக்கப் படுத்துக் கிடப்பேன். புற உலகம் மிச்சம் வைக்காமல் உள்ளே வந்துவிடுவதுதான் என் பிரச்சினை.

மதியிறுக்கம் என்ற சொல் இதைவிடப் பரவல். எழுதச் சுருக்கமானது, செய்தித்தாள்களில் ஊன்றிவிட்டது. மதி என்றால் அறிவு, அது இறுகியிருக்கிறது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்கள். நான் ப்ரூஃபில் அதைப் பார்த்தால் பக்கத்தில் கேள்விக்குறி போடுகிறேன். ஆட்டிசம் என்றே எழுதலாம் என்பது என் கட்சி. பஸ், டிவி, தைராய்டு எல்லாம் வந்தது போல் அதுவும் வந்துவிட்டது, கேட்பவருக்குப் புரிகிறது, யாரையும் குத்தவில்லை. தூய தமிழில்தான் வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் ஆட்டிசம் உள்ள நாலு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்தச் சொல்லை உருவாக்குங்கள்.

இப்போது நோய் என்பதன் பழைய பொருளுக்கு வருகிறேன்.

ரிப்போர்ட் வந்து முதல் பத்து நாள் நிம்மதியாக இருந்தது, உண்மையிலேயே நன்றாகத் தூங்கினேன். என்மேல் தப்பில்லை என்று ஒரு காகிதம் சொல்லிவிட்டது. பதினோராவது நாளோ என்னவோ, வகுப்புக்கு வெளியே நின்ற அந்தச் சிறுமி ஞாபகத்துக்கு வந்தாள், அப்புறம் எல்லா வருஷமும் வரிசையாக வந்தது, விட்ட வேலைகள், முறிந்த சிநேகிதங்கள். கோபமா துக்கமா என்றே தெரியவில்லை. அம்மா கேட்டார், "மனசுக்கு என்ன பண்ணுது?" நான் சொன்னது, "தெரியலம்மா, என்னமோ பண்ணுது."

இதற்கும் ஒரு மருத்துவச் சொல் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. அலெக்ஸிதைமியா. 1970களின் தொடக்கத்தில் பீட்டர் சிஃப்னியோஸ் என்பவர் கிரேக்கத்திலிருந்து உருவாக்கியது: உணர்வு இருக்கும், அதற்குச் சொல் இருக்காது. ஆட்டிசம் உள்ள பலருக்கு இது உண்டு. இதற்குத் தமிழில் புதுச்சொல் ஆக்கத் தேவையே இல்லை என்று நினைக்கிறேன். என்னமோ பண்ணுது. எந்தத் தெருவில் சொன்னாலும் புரியும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் மனசுக்கும் பொதுவானது, சொல் கிடைக்கவில்லை என்பதையும் ஏதோ நடக்கிறது என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. என் கவுன்சலரிடம் இப்போது அப்படியே சொல்கிறேன். அவர் அடுத்து கேட்பார், எங்கே பண்ணுது? தொண்டையிலா, தோளிலா, வயிற்றிலா? இடம் தெரிந்தால் பேர் தானாக வந்து சேர்கிறது, சில நாள் வருவதில்லை, அதுவும் பரவாயில்லை.

புதிதாக இப்படி ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவர்களுக்கு நான் பட்டதில் ஒன்று சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே பெயரின் தலையில் கட்டாதீர்கள். மூன்று மாதம் நான் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன், ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வரும் களைப்பு என்று நானே முடிவு செய்துவிட்டேன். ரத்தம் எடுத்துப் பார்த்தால் டிஎஸ்ஹெச் ஏறியிருந்தது, தைராய்டு போதவில்லை என்பதற்கு அது அடையாளம். மாத்திரை அளவைக் கூட்டினார்கள், காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு காபியைத் தள்ளிப்போட்டேன், கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தேன். அதேபோல ஏடிஹெச்டி. 2013க்கு முன்னால் அமெரிக்க மனநலக் கையேட்டின்படி ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் ஒருவருக்கே சேர்த்துப் போட அனுமதி கிடையாது, ஒன்று இருந்தால் மற்றது இல்லை என்றார்கள். இன்றைக்கு இரண்டும் சேர்ந்திருப்பது சாதாரணம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வினை வைத்துக்கொண்டேன். பதற்றம் குறைக்க வேண்டியது. தைராய்டு சரிக்கட்ட வேண்டியது. ஏடிஹெச்டி ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டியது, அதற்கு என் சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு. ஆட்டிசத்துக்கு எந்த வினையும் இல்லை, இடம் விட்டால் போதும்: காதில் பஞ்சு, கூட்டமில்லாத நேரத்து பஸ், கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்திக்கு முன்னாலேயே கிளம்பிவிடும் உரிமை.

நோவு தாங்கவில்லை, இருந்து என்ன பயன் என்ற அளவுக்குப் போனால் தனியாக இருக்காதீர்கள். டெலி மானஸ் என்று அரசின் இலவச மனநல உதவி எண் இருக்கிறது, 14416, தமிழிலேயே பேசலாம். ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு இந்த எண்ணம் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது, அதனால் இதை விட்டுவிட்டு மேலே போக எனக்கு மனமில்லை.

எழுதுகிறவர்களுக்கு: சர்க்கரை, பிபி, தைராய்டு, வலிப்பு போன்றவற்றைக் குறிக்க இணைநோய் என்று தாராளமாக எழுதுங்கள், சேர்த்தே எழுதுங்கள். பட்டியலில் ஆட்டிசமோ ஏடிஹெச்டியோ வந்தால் உடனிருக்கும் நிலைகள் என்று மாற்றுங்கள். ஆங்கிலத்திலும் பலர் கோமார்பிடிட்டியை விட்டுவிட்டு கோ-அக்கரிங் என்றுதான் இப்போது எழுதுகிறார்கள். உடன் என்ற சொல்லில் உடன்பிறந்தவர் இருக்கிறார், உடன்பாடு இருக்கிறது. இதற்குமேல் ஒரு சொல் எனக்குக் கிடைக்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வாரம் கீழ் வீட்டு மாமி வந்திருந்தார். ஃபைல் டேபிள்மேல் கிடந்தது, பொண்ணுக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டார். நான் உள்ளே ப்ரூஃப் பார்த்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டேன். அம்மா நிதானமாகச் சொன்னார், "தைராய்டு இருக்கு மாமி, படபடப்பு இருக்கு, அதுக்கெல்லாம் மாத்திரை சாப்பிடறா. இன்னொண்ணு இருக்கு, அது கூடப்பொறந்தது, அதுக்கு ஒண்ணும் பண்ண வேணாம்."

மாமி காபி குடித்துவிட்டுப் போனார். கூடப்பிறந்தது என்று மார்ஜினில் எழுதி வைத்துக்கொண்டேன்.