இணைப்பு அறுந்தால் கொழுந்துக் கணக்கு என்னாகும்?

தேயிலைத் தோட்டத்து மடுவத்தில் (நிறுவைக் கொட்டகையில்) நிறுக்கும் கொழுந்தைக் கொப்பியில் எழுதாமல் கணினியில் பதிவதாக வைத்துக்கொள்வோம். தராசில் ஏறும் ஒவ்வொரு நிறையும், பறித்தவரின் செக்ரோல் (தொழிலாளர் பதிவேடு) இலக்கத்தோடு கொழும்பில் உள்ள தரவுத்தளத்துக்குப் போக வேண்டும். ஐப்பசிப் பின்னேரம், இடி முழங்குகிறது, இணைய லைன் அறுந்துவிடுகிறது. கடைசியாக அனுப்பிய 18 கிலோ போய்ச் சேர்ந்ததா, இல்லையா? அது ஒரு பெண்ணின் உழைப்பு. விடுபடவும் கூடாது, இரண்டு தடவை பதியவும் கூடாது.

ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிய செயலி தரவுத்தளத்தோடு பேசுவது ஜேடிபிசி என்ற இடைமுகம் வழியாக. மைஎஸ்கியூஎல், ஒரக்கிள் என்று தரவுத்தளம் எதுவானாலும் நாம் எழுதும் கட்டளைகள் பெரும்பாலும் ஒன்றுதான். அந்தந்தத் தரவுத்தளத்துக்குரிய ட்ரைவர் என்ற இணைப்பு மென்பொருள் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். 1997இல் ஜாவா 1.1 உடன் வந்த இந்த இடைமுகத்தின் 4.0 பதிப்பு, 2006 டிசம்பரில் ஜாவா 6 உடன் வெளியானது.

ட்ரைவரின் பெயரைச் சொல்லி நாமே ஏற்ற வேண்டிய வேலை அதில் ஒழிந்தது. ட்ரைவர் அடங்கிய ஜார் கோப்பைச் சேர்த்தால் போதும், ஜாவாவே கண்டுபிடித்துக்கொள்ளும். பலரும் முதலில் புகழ்வது இதைத்தான். என்னைக் கேட்டால், மலைநாட்டு இணைய லைனுக்கு மிகவும் உதவுவது வேறொன்று: பிழைகளை வகை பிரித்தது.

அதற்கு முன்பு எது பிழைத்தாலும் எஸ்கியூஎல்எக்செப்ஷன் என்ற ஒரே வகைதான் பெரும்பாலும் வரும். காரணம் தெரிய உள்ளேயிருக்கும் குறியீட்டைத் தோண்ட வேண்டும். 4.0இல் அதன் கீழ் மூன்று கிளைகள் வந்தன. டிரான்சியன்ட் என்றால் தற்காலிகத் தடங்கல்: இரண்டு பரிவர்த்தனைகள் (முழுதாகப் பதியவோ முழுதாக ரத்தாகவோ வேண்டிய கட்டளைத் தொகுதிகள்) ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு ஒன்று ரத்தாவது போல. அதையே மறுபடி செய்தால் நடக்கலாம். நொன்டிரான்சியன்ட் என்றால், காரணத்தைத் திருத்தாமல் எத்தனை தடவை முயன்றாலும் பலனில்லை. ரெக்கவரபிள் வந்தால் இருக்கும் இணைப்பை மூடி, புதிதாகத் திறந்து, பரிவர்த்தனையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

சரி, அந்த 18 கிலோ? பதிவை உறுதிசெய்யும் நொடியில் லைன் அறுந்தால், பிழையின் வகையை மட்டும் வைத்து அது பதிவானதா என்று சொல்ல முடியாது. ஆகவே திகதி, நிறுவைத் தடவை, செக்ரோல் இலக்கம் மூன்றும் சேர்ந்து ஒரு முறைதான் வரலாம் என்று அட்டவணையில் விதி போட வேண்டும். லைன் வந்ததும் திரும்ப அனுப்பலாம். முன்பே பதிவாகியிருந்தால் தரவுத்தளம் மறுக்கும். அந்த மறுப்புக்கும் தனி வகை உண்டு, நொன்டிரான்சியன்ட் கிளையில். அதைப் பிடித்து, உள்ளே இருப்பதும் 18தானா என்று பார்த்துவிட்டு அடுத்த நிறைக்குப் போகலாம். எண் வேறாக இருந்தால் கணக்கப்பிள்ளையிடம் காட்ட வேண்டும். செயலி தானாகத் திருத்தவே கூடாது.

இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் இஸ்வேலிட் கட்டளையும் 4.0இல் வந்ததுதான். பழைய இஸ்குளோஸ்ட், பொதுவாக நாம் மூடிவிட்டோமா என்பதை மட்டும் சொல்லும். தமிழ்ப் பெயர்களை யூனிகோட் எழுத்தாகவே அனுப்ப செட்என்ஸ்ட்ரிங் கட்டளை வந்தது. அட்டவணையில் பெயர் வரும் நிரலும் யூனிகோடை ஏற்க வேண்டும், இல்லையென்றால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும்.

2014இல் ஜாவா 8 உடன் வந்த 4.2, திகதிச் சிக்கலைத் தீர்த்தது. பழைய திகதி வகைக்குள் நேரமும் ஒளிந்திருக்கும். சேவையகத்தின் நேர வலயம் வேறானால் ஒரு நாள் தள்ளிப்போகலாம். 4.2 ஏற்கும் புதிய லோக்கல்டேட் வகை வெறும் திகதி மட்டுமே. 1996இல் கடிகாரத்தை முன்தள்ளி, 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பிய நம் நாட்டில், பழைய பதிவேடுகளை ஏற்றுவோருக்கு இது பெரிய நிம்மதி.

எல்லா ட்ரைவரும் புதிய பிழை வகைகளைப் பயன்படுத்துவதில்லை என்பதை மறக்க வேண்டாம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் ட்ரைவர் பெரும்பாலும் தன் சொந்தப் பொது வகை ஒன்றைத்தான் எறியும். அங்கே பிழையோடு வரும் எஸ்கியூஎல்ஸ்டேட் என்ற குறியீட்டின் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள்: 08 என்றால் இணைப்பு, 40 என்றால் ரத்தான பரிவர்த்தனை, 23 என்றால் விதி மீறல். நம் 18 கிலோ ஏற்கெனவே உள்ளே இருந்தால் 23505 வரும்.