ஆற்றங்கரையிலிருந்து சதுப்பு ஓரத்துக்கு

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சென்னைக்குள் புகுந்தது. மூன்றரை வருடம் கழித்து, 2019 கோடையில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று குடிநீர் தரும் ஏரிகள் நான்கும் வறண்டுபோய் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். சென்னையில் வெள்ளமும் பஞ்சமும் ஒரே பிரச்சினைதான். மழைநீர் தங்கவேண்டிய ஏரியிலும் சதுப்பிலும் நாம் வீடு கட்டிக் குடியேறிவிட்டோம்.

நகரத் திட்டமிடலில் வேலை செய்யும் எனக்கு இதைவிடப் பெரிய கவலை, ஏழைகளை எங்கே அனுப்புகிறோம் என்பது. 2015க்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்கள் பல, வெள்ள ஆபத்தைக் காரணம் காட்டிப் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. அது சென்னையின் தெற்கே, பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம். சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் அந்தச் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்துதான் கடலுக்குப் போகவேண்டும். 2023இல் மிக்ஜாம் புயல் வந்தபோது பெரும்பாக்கமும் தண்ணீரில் நின்றது.

அங்கே இருப்பவை எட்டு அடுக்குக் கட்டடங்கள். கரண்ட் போனால் லிஃப்டும் நிற்கும், மோட்டாரும் ஓடாது. மேல்மாடியில் இருக்கும் பாட்டி குடத்தோடு படியேற முடியுமா? கூவம் கரையில், சிந்தாதிரிப்பேட்டையில் இருந்தபோது நடந்தே வீட்டு வேலைக்குப் போய்வந்த பெண்ணுக்கு இப்போது சுமார் 25 கி.மீ. பஸ் பயணம். முதல் பஸ்ஸை விட்டால் அன்றைய வேலை போச்சு. பழைய தெருவில் கடன் கொடுத்த மளிகைக்கடைக்காரரும், அவசரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவும் இங்கே இல்லை. பேரிடரில் ஒரு குடும்பம் மீண்டு எழுவது பெரும்பாலும் இவர்களால்தான். எந்த வரைபடத்திலும் இவர்கள் வருவதில்லை.

சென்னைக்கு 2019இல் மீள்திறன் திட்டமும் (பேரிடரிலிருந்து நகரம் மீண்டு எழுவதற்கானது), 2023இல் காலநிலைச் செயல்திட்டமும் வந்தன. சரி, நல்லதுதான். ஆனால் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) தயாரித்துவரும் மூன்றாவது முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) எனக்கு வேண்டியது ஒரு விதி: வெள்ள வரைபடத்தைப் பார்க்காமல் எந்த மறுகுடியமர்வு இடத்துக்கும் அனுமதி தரக்கூடாது, மாற்று வீடு பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. நில உபயோக மாற்றத்துக்கான அறிவிப்பு நாளிதழில் வரும். உங்கள் பகுதிப் பெயர் இருந்தால் ஆட்சேபணையை எழுதிக் கொடுங்கள். மனை வாங்குமுன் பட்டாவோடு நிறுத்தாமல் பழைய அ-பதிவேட்டையும் (எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) பாருங்கள். அதில் ஏரி, ஓடை, வாய்க்கால் என்று இருந்தால், எத்தனை அனுமதி காட்டினாலும் அந்த மனை வேண்டாம்.