கமரா சென்சர் சண்டைகள்: தொழிலுக்கு வரும் இளம் படப்பிடிப்பாளர்கள் அறிந்திருக்க வேண்டியவை

புதிய கமரா ஒன்று அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் படப்பிடிப்பாளர்களிடையே இணையத்தில் ஒரு சண்டை மூள்கிறது. ஒருவர் ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்திறன் எண்ணை 12800 ஆகக் கூட்டி எடுத்த படத்தின் ஒரு மூலையைப் பெருப்பித்துப் போடுகிறார். மற்றவர் தன் கமராவில் எடுத்ததை அதன் பக்கத்தில் வைத்து, யாருடைய சென்சரில் (கமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் தகட்டில்) நொய்ஸ், அதாவது படத்தில் மணல் தூவியதுபோலத் தெரியும் புள்ளிகள், குறைவு என்று கேட்கிறார். நள்ளிரவாகும்போது பேச்சு கமராக்களை விட்டு ஆட்களின் மீது திரும்பிவிடுகிறது. கல்லடியிலும் கல்முனையிலும் அடுத்தடுத்த தெருக்களில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள், ஒரே கல்யாணத்துக்கு ஒருவர் படமெடுக்கவும் மற்றவர் வீடியோ எடுக்கவும் சேர்ந்து சென்றவர்கள், இந்தச் சண்டைகளால் முகம் கொடுத்துப் பேசாமல் போவதைக் காண்கிறேன். திருமணங்களையும் கோயில் திருவிழாக்களையும் படமெடுத்து வாழ்பவன் என்ற வகையிலும், கமரா வாங்குமுன் ஆலோசனை கேட்டு வரும் தம்பி தங்கச்சிமாருக்குப் பதில் சொல்லவேண்டியவன் என்ற வகையிலும், இந்தப் போட்டி அவர்களுக்குச் செய்யும் கேட்டை விளக்கமாக எழுதவேண்டும் என்று கருதினேன்.

முதலில் நொய்ஸ் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் சண்டைகளில் பாதி இதை அறியாமையால் வருபவை. வாவியில் ஒரே இடத்தில் ஒரே வலையைத் திரும்பத் திரும்ப வீசினாலும் ஒவ்வொரு வீச்சிலும் அகப்படும் மீன்களின் எண்ணிக்கை மாறுபடும். மீன் மலிந்த நாளில் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது, அருகிய நாளிலோ ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் பெரும் வித்தியாசம் இருக்கும். ஒளித்துகள்களான போட்டன்களும் சென்சரின் மீது இவ்வாறே ஒழுங்கின்றி வந்து விழுகின்றன. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 போட்டன்கள் பதிவானால் ஏற்ற இறக்கம் 100 அளவில், அதாவது நூற்றுக்கு 1 வீதமாக இருக்கும். 100 போட்டன்களே பதிவானால் ஏற்ற இறக்கம் 10, அது நூற்றுக்கு 10 வீதம். இரவுப் படத்தில் நாம் காணும் நிறப்புள்ளிகளில் பெரும்பங்கு இந்த ஏற்ற இறக்கமே. ஒளியிலேயே இருக்கின்ற இதை எந்த நிறுவனத்தின் சென்சராலும் நீக்கிவிட முடியாது. ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டுவதால் ஒளி கூடுவதுமில்லை. ஏற்கனவே பதிவான குறைந்த ஒளி பெருக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

இதற்கு மேலாக, பதிவான மின்னூட்டத்தை வாசித்து எண்ணாக மாற்றும்போது கமராவின் மின்சுற்று சேர்க்கும் இரண்டாவது நொய்ஸ் ஒன்று உண்டு. நிறுவனங்களுக்கிடையே உண்மையான வேறுபாடு இருந்தது இங்கேதான். 2012ஆம் ஆண்டில் வெளிவந்த நிக்கோன் டி800, கெனன் 5டி மார்க் 3 ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் மூண்ட வாதம் இன்றுவரை வேறு பெயர்களில் தொடர்கிறது. சென்சர்களை அளந்து மதிப்பெண் வழங்கும் பிரெஞ்சு நிறுவனமான டிஎக்ஸ்ஓமார்க், நிக்கோனுக்கு 95 புள்ளிகளும் கெனனுக்கு 81 புள்ளிகளும் கொடுத்தது. பதினான்கு புள்ளி வித்தியாசம் என்றவுடன், இருட்டில் கெனன் பயனற்றது என்று பலர் முடிவு கட்டினர். ஆனால் அந்த மதிப்பெண் மூன்று அளவீடுகளைச் சேர்த்துச் செய்யப்பட்டது. மிகக் குறைந்த ஐ.எஸ்.ஓ.வில் டைனமிக் ரேஞ்ச் எனப்படும் ஒளிவீச்சில், அதாவது மிக இருண்ட பகுதிக்கும் மிக வெளிச்சமான பகுதிக்கும் இடையே ஒரே படத்தில் பதிவாகக்கூடிய வீச்சில், நிக்கோன் 14.4 ஸ்டொப்பும் கெனன் 11.7 ஸ்டொப்பும் பெற்றன (ஒரு ஸ்டொப் என்பது ஒளி இரண்டு மடங்காவது). இது மிகப் பெரிய இடைவெளி. குறைந்த வெளிச்சத் திறனுக்கான அளவீட்டிலோ நிக்கோன் ஐ.எஸ்.ஓ. 2853, கெனன் ஐ.எஸ்.ஓ. 2293. கணக்கிட்டால் மூன்றில் ஒரு ஸ்டொப் கூட முழுமையாக வராது. காரணம், அக்காலக் கெனன் கமராக்களில் எண்ணாக மாற்றும் பகுதி சென்சருக்கு வெளியே இருந்தது. அது சேர்த்த நொய்ஸ் குறைந்த ஐ.எஸ்.ஓ.வில் நிழற்பகுதிகளைக் கெடுத்தது, உயர்ந்த ஐ.எஸ்.ஓ.வில் சமிக்ஞை முன்கூட்டியே பெருக்கப்பட்டதால் அதன் பாதிப்பு மிகச் சிறிதாயிற்று.

ஆகவே உச்சி வெயிலில் நிக்கோன் கொண்டிருந்த மேன்மையை இரவு மண்டபத்துக்கான மேன்மையாகக் கொண்டு இரு தரப்பும் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டன. 2016இல் வந்த கெனன் 5டி மார்க் 4, அந்த மாற்றியைச் சென்சருக்குள்ளேயே கொண்டுவந்து 13.6 ஸ்டொப்பை எட்டியது. இன்றைய நல்ல சென்சர்கள் பச்சை ஒளியில் தம்மை அடையும் போட்டன்களில் ஏறத்தாழ பாதியை அல்லது அதற்கும் மேலாகப் பதிவுசெய்துவிடுகின்றன. மீதியையும் ஒன்று விடாமல் பிடிக்கும் சென்சர் நாளை வந்தாலும் கிடைக்கப்போவது ஒரு ஸ்டொப் அளவிலான முன்னேற்றமே. ஒரே அளவுள்ள இரண்டு புதிய சென்சர்களிடையே இருட்டில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருப்பதாக யாராவது காட்டினால், ஒப்பீட்டைச் செய்த முறையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அந்த முறைகளில் உள்ள பிழைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. 4.5 கோடி பிக்சல் கமராவின் படத்தையும் 2.4 கோடி பிக்சல் கமராவின் படத்தையும் நூறு வீதப் பெருப்பத்தில் (படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாகத் தெரியும்படி) பக்கத்தில் வைத்தால், முதலாவதில் நாம் காண்பது முழுப்படத்தின் மிகச் சிறிய துண்டு. சாதாரண ஃபுல் எச்டி திரையில் அது ஏறத்தாழ இருபத்திரண்டில் ஒரு பங்கு, மற்றையது பன்னிரண்டில் ஒரு பங்கு. கூடுதலாகப் பெருப்பிக்கப்பட்ட படத்தில் நொய்ஸும் கூடுதலாகத்தான் தெரியும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் வித்தியாசத்தில் பெரும்பகுதி மறைந்துவிடும். அடுத்து, இரண்டு கமராக்களிலும் ஐ.எஸ்.ஓ. 6400 என்று எழுதியிருப்பதால் இரண்டும் ஒரே வெளிச்சத்தில் எடுக்கப்பட்டன என்று கொள்ள முடியாது, ஐ.எஸ்.ஓ.வுக்கான சர்வதேச நியமம் அந்த எண்ணை நிர்ணயிப்பதில் தயாரிப்பாளருக்குச் சுதந்திரம் அளிக்கிறது. ஷட்டர் திறந்திருக்கும் நேரமும் அபெர்ச்சர் எனப்படும் லென்ஸ் துளையின் அளவும் ஒன்றாக இருந்தனவா என்று பார்க்கவேண்டும். கமராவே பதப்படுத்தித் தரும் ஜேபெக் படங்களை ஒப்பிடுவது அந்தந்தக் கமராவின் நொய்ஸ் நீக்கும் மென்பொருளை ஒப்பிடுவதாகும். சில கமராக்கள், பதப்படுத்தாத மூலப்பதிவு என்று கருதப்படும் ரோ கோப்பிலேயே நொய்ஸை மென்மையாக்கிவிடுகின்றன என்பதும் பலருக்குத் தெரியாது. கடைசியில் அந்தப் படங்கள் வட்ஸ்அப் வழியாகச் சுருக்கப்பட்டு வருகின்றன. அந்தச் சுருக்கத்திலேயே நுண்விவரம் அழிந்துவிடுகிறது. அழிந்த விவரத்தை வைத்துக்கொண்டு படித்த, திறமையுள்ள இளைஞர்கள் சண்டையிடுவது எனக்குப் பெரும் வருத்தத்தைத் தருகிறது.

நமது மாவட்டங்களில் சென்சரின் தரம் உண்மையாகவே கைகொடுக்கும் இடங்கள் உண்டு. மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தில், தண்ணீரில் தெறிக்கும் வெயிலும் வெள்ளை வேட்டியும் நிழலில் நிற்கும் முகமும் ஒரே படத்தில் சேரும்போது, வெளிச்சப் பகுதியைக் காப்பாற்றும் அளவுக்கு ஒளியைக் குறைத்து எடுத்துப் பின்னர் நிழற்பகுதியை வெளிச்சமாக்குவதற்கு அகன்ற ஒளிவீச்சு மிகவும் பயன்படும். வட்டக்களரியில் விடியவிடிய ஆடப்படும் வடமோடிக் கூத்தில், கூத்தரின் விரிந்த உடையான கரப்புடுப்பின் கண்ணாடிகளில் விளக்கு தெறிக்க, முகம் பாதி இருளில் இருக்க, ஆட்டத்தின் வேகத்துக்கு ஷட்டரை 1/250க்குக் கீழே இறக்கவும் முடியாத நிலையில் சென்சரின் பரப்பு உதவும். தீமிதிப்பில் தணலின் சிவப்பு நிறமே முதலில் நிரம்பி விவரத்தை இழக்கிறது. அங்கே ஒளியின் பரவலைக் காட்டும் வரைபடமான கமராவின் ஹிஸ்டோகிராமில் சிவப்பைத் தனியாகப் பார்க்கும் பழக்கம், விலை உயர்ந்த கமராவை விடக் கூடுதலாகக் கைகொடுக்கும். அறுகம்குடாவின் அலைச்சறுக்குக்கு வெயில் வேண்டிய அளவு இருப்பதால், அங்கே தேவைப்படுவது நீண்ட லென்ஸும் வேகமான ஃபோகஸும்.

சென்சரின் பரப்பைப் பற்றியும் கணக்கோடு பேசுவது நல்லது. ஃபுல் பிரேம் சென்சர் 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. ஏபிஎஸ்-சி சென்சர் பெரும்பாலான கமராக்களில் 23.5க்கு 15.6 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். பரப்பில் முன்னது ஏறத்தாழ 2.4 மடங்கு, ஒளியில் அது ஒன்றேகால் ஸ்டொப். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிதாவதால், எஃப் 2.8 லென்ஸிலிருந்து எஃப் 1.8 லென்ஸுக்குப் போவதாலும் இதே ஒன்றேகால் ஸ்டொப் கிடைக்கிறது. கையிலுள்ள ஏபிஎஸ்-சி கமராவுக்கு எஃப் 1.8 பிரைம் லென்ஸ் (ஸூம் இல்லாத லென்ஸ்) ஒன்றை வாங்குபவர், எஃப் 2.8இல் ஃபுல் பிரேம் கமரா வைத்திருப்பவருக்கு நொய்ஸில் ஏறத்தாழ சமமாகிவிடுகிறார். மணமேடையில் நான்கு மீற்றர் தள்ளி வைத்த விளக்கை இரண்டு மீற்றருக்குக் கொண்டுவந்தால் இரண்டு ஸ்டொப் கூடுகிறது, அதற்குச் செலவே இல்லை. 2023 ஏப்ரலில் லைட்ரூமில் வந்த செயற்கை நுண்ணறிவு நொய்ஸ் நீக்கியும் பழைய கமராக்களுக்குப் புதிய ஆயுளைக் கொடுத்திருக்கிறது.

நமது மண்டபங்களில் படங்களை உண்மையில் கெடுப்பது எதுவென்று கேட்டால், மணவறையைச் சுற்றி ஏற்றப்படும் ஊதா, நீல எல்ஈடி விளக்குகள் என்றுதான் சொல்வேன். ஊதா ஒளி மட்டும் விழுந்த முகத்தில் தோலின் நிறத்தை எந்தச் சென்சராலும் மீட்க முடியாது. மாலை மாற்றும் வேளையிலும் தாலிகட்டும் வேளையிலும் அவற்றை வெள்ளையாக மாற்றும்படி அலங்காரம் செய்பவரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்வது எனது வழக்கம். இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை துடிக்கின்றன. ஓசை கேட்காதிருக்க எலெக்ட்ரானிக் ஷட்டரைப் பயன்படுத்தினால், சென்சரை மேலிருந்து கீழாக வாசிக்கும் வேகம் போதாத கமராக்களில் படம் முழுவதும் கருங்கோடுகள் விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100இல் எடுப்பது பெரும்பாலும் அதைத் தீர்த்துவிடும். இந்த வாசிப்பு வேகம் மேலே சொன்ன டிஎக்ஸ்ஓமார்க் மதிப்பெண்ணில் சேர்வதே இல்லை. 2023இல் சோனி அறிவித்த ஏ9 மார்க் 3, முழுச் சென்சரையும் ஒரே கணத்தில் வாசிக்கும் முதலாவது ஃபுல் பிரேம் கமரா. அந்த வேகத்துக்கு விலையாக அதன் அடிப்படை ஐ.எஸ்.ஓ. 250இல் தொடங்குகிறது. ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்காத சென்சர் இதுவரை செய்யப்படவில்லை.

இனிப் பணத்தைப் பற்றி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். கமரா முழுவதும் இறக்குமதிப் பொருள். அதன் பிறகு லென்ஸ் இல்லாத கமரா உடலொன்றைப் புதிதாக வாங்குவது சாதாரணக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய சுமை என்பதை, தாயின் நகையை அடகு வைத்தும் தவணைக் கடன் எடுத்தும் வாங்கிய இளைஞர்களிடம் கேட்டால் தெரியும். அவர்களில் பலர் கையிலிருந்த கமராவில் குறை கண்டு மாற்றியவர்கள் இல்லை. தம் கமராவைப் பிறர் ஏளனம் செய்தார்கள் என்பதற்காக மாற்றியவர்கள். அல்பத்தின் ஒரு பக்கம் 12க்கு 18 அங்குலம். அதை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 1 கோடியே 94 இலட்சம் பிக்சல் போதும், 2.4 கோடி பிக்சல் கொண்ட பழைய கமரா அதை நிறைவேற்றிக்கொண்டுதான் இருந்தது. வாவியின் ஈரமும் கடற்காற்றின் உப்பும் சேரும் நம் ஊரில், மாரிகாலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் காக்கும் ஈரநீக்கிப் பெட்டிக்கு அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கைச் செலவிட்டிருந்தால் உழைப்பின் கருவி நீண்டகாலம் நிலைத்திருக்கும்.

மற்றொன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். போட்டியில் வெல்வதற்காக, சக படப்பிடிப்பாளர் எடுத்த மணமகளின் படத்தை எடுத்து, கன்னத்தில் சிவப்பு வட்டம் போட்டு, இங்கே பாருங்கள் நொய்ஸை என்று பகிர்கிறார்கள். அந்த முகத்துக்குரியவர் ஒரு குடும்பத்தின் மகள். பூப்புனித நீராட்டு விழாப் படங்களில் இருப்பவர் சிறுமி. அவர்களது பெற்றோர் நம்மை வீட்டுக்குள் விட்டது இதற்காக அன்று. உங்கள் வாடிக்கையாளரின் படம் என்றாலும் எழுத்துமூல அனுமதியின்றி ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். பிறருடைய படத்தைத் தொடவே தொடாதீர்கள். இப்படியான பகிர்வைக் கண்டால் பதில் வாதம் எழுதாமல், அதை நீக்கும்படி தனிப்பட்ட முறையில் கேளுங்கள். நான் அவ்வாறு கேட்டபோது பெரும்பாலானோர் நீக்கியிருக்கிறார்கள்.

இரண்டு கமராக்களை ஒப்பிடும் ஆர்வம் நியாயமானது, அதைச் சரியாகச் செய்தால் தொழிலுக்கும் பயன்படும். வாங்குமுன் அந்தக் கமராவை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். முக்காலியில் நிறுத்தி, ஒரே விளக்கில், ஒரே ஷட்டர், ஒரே அபெர்ச்சரில், சம்மதம் தந்த நண்பர் ஒருவரின் முகத்தை ரோ கோப்பாக எடுங்கள். நொய்ஸ் நீக்காமல், இரண்டையும் ஒரே வெளிச்ச அளவுக்குக் கொண்டுவந்து, வழமையாக அல்பம் அச்சிடும் இடத்தில் 12க்கு 18 அங்குலத்தில் அச்சிடுங்கள். கமராவின் பெயரைத் தாளின் பின்புறத்தில் மட்டும் எழுதி, முன்புறத்தைக் காட்டி, எது எந்தக் கமரா என்று அந்த நண்பரையும் அவரது வீட்டாரையும் கேளுங்கள். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் அடகு வைக்க எடுத்த நகையைத் திரும்பப் பெட்டகத்தில் வையுங்கள்.