ஜெனோசைட்: இனக்கொலையா, இனப்படுகொலையா, இனவழிப்பா?

போர்த் திரைப்படம் ஒன்றைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் மூன்றாம் நான்காம் வரிக்குள் ‘இனப்படுகொலை’ என்ற சொல்லுக்கு வந்துவிடுகிறார்கள். ‘ஜெனோசைட்’ (genocide) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் நிலைநிறுத்திவிட்ட தமிழ் அதுவே. அதை இனி வழக்கிலிருந்து அகற்ற முடியாது, அகற்றவும் வேண்டியதில்லை. ஆயினும் அச்சொல் மூலத்தின் பொருளில் ஒரு பகுதியை மட்டுமே சுமக்கிறது என்பதும், விடுபட்ட பகுதியில்தான் சாதாரணக் குடும்பங்களின் கதை முழுவதும் இருக்கிறது என்பதும் இக்கட்டுரையாளரின் கருத்து.

மூலச்சொல்லுக்கு வயது நூறுகூட ஆகவில்லை. இன்றைய பெலாரூசில் உள்ள வவ்காவிஸ்க் நகருக்கு அருகே 1900இல் யூதக் குடும்பத்தில் பிறந்த ராபேல் லெம்கின் என்ற சட்ட அறிஞர், 1944ஆம் ஆண்டு வாஷிங்டனில் வெளியான தம் நூலில் அதை உருவாக்கினார். குலம், இனம் என்று பொருள்படும் ‘கெனோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லோடு, கொல்லுதலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்த ‘சைட்’ என்ற ஈற்றைச் சேர்த்தார். கிரேக்கத் தலையும் இலத்தீன் வாலும் கொண்ட கலப்புச் சொல் அது. இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1941 ஆகஸ்டில், கிழக்கு ஐரோப்பாவில் நாஜிப் படைகள் செய்துவந்த கொலைகளை வானொலி உரையில் குறிப்பிட்ட பிரித்தானியப் பிரதமர் சர்ச்சில், பெயரே இல்லாத குற்றம் ஒன்றின் முன் நாம் நிற்கிறோம் என்று சொல்லியிருந்தார். லெம்கினோ அதற்கும் முன்பே, 1933இல் மத்ரித் நகரில் கூடிய சட்ட மாநாட்டுக்கு, ஒரு கூட்டத்தாரைக் கொன்றொழிப்பதையும் அவர்களுடைய கலைச் செல்வங்களைச் சிதைப்பதையும் இரு தனிக் குற்றங்களாக அறிவிக்க வேண்டும் என்று எழுதி அனுப்பியவர். பின்னாளில் அவ்விரண்டையும் ஒரே சொல்லுக்குள் கொண்டுவந்தார். அந்தச் சொல்லை உலகம் ஏற்றுக்கொள்ளப் போராடிய காலத்திலேயே, தம் பெற்றோர் உட்பட உறவினர் 49 பேர் கொல்லப்பட்டுவிட்டதை அறிந்தார்.

இனித் தமிழுக்கு வருவோம். ‘இனம்’ என்பது நம்மிடம் இரத்த உறவை மட்டும் குறித்த சொல் அன்று. வல்லினம், மெல்லினம், இடையினம் என்று எழுத்துகளையே இனமாகப் பிரித்தோம். திருக்குறளின் 46ஆம் அதிகாரம் ‘சிற்றினம் சேராமை’. அங்கே இனம் என்பது ஒருவன் சேர்ந்திருக்கும் கூட்டம். ‘நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும் மாந்தர்க்கு இனத்தியல்ப தாகும் அறிவு’ என்று வள்ளுவர் சொல்வதும் பிறப்பைப் பற்றியதன்று, சேர்க்கையைப் பற்றியது. ‘சைட்’ என்ற ஈற்றுக்கோ தமிழில் கொலை என்ற நிகர் முன்பே இருக்கிறது: தற்கொலை, சிசுக்கொலை. எனவே உறுப்புக்கு உறுப்பு பெயர்த்தால் கிடைப்பது ‘இனக்கொலை’. இரு உறுப்பும் ஒரே மொழி என்பதால் மூலத்தைவிடச் செம்மையான ஆக்கம் என்றுகூடச் சொல்லலாம். ஏனோ அது பரவலாக ஊன்றவில்லை.

ஊன்றியது ‘இனப்படுகொலை’. இதில் உள்ள ‘படு’ என்பது படுதோல்வி, படுபாதகம் என்பனவற்றில் உள்ளதைப் போன்ற மிகுதிப்பொருள் அடை. கொடுமை மிகுந்த கொலை படுகொலை. ஆனால் பட்டப்பகலில் இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டாலும் நம் நாளிதழ்கள் அதைப் படுகொலை என்றே எழுதுகின்றன. ஆகவே அந்த அடை எண்ணிக்கையையும் காட்டுவதில்லை, திட்டத்தையும் காட்டுவதில்லை; குருதியை மட்டுமே காட்டுகிறது. ஐக்கிய நாடுகள் அவை 1948 டிசம்பர் 9 அன்று ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம், தேசிய, இன, மரபின, சமயக் குழு ஒன்றை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் ஐந்து செயல்களைக் குற்றமாக வரையறுக்கிறது. கொல்லுதல் அவற்றுள் ஒன்று மட்டுமே. உடலுக்கோ உள்ளத்துக்கோ கடுந்தீங்கு விளைத்தல், உயிர்வாழ முடியாத நிலைமைகளைத் திட்டமிட்டுத் திணித்தல், பிறப்புகளைத் தடுத்தல், பிள்ளைகளைப் பிடுங்கி வேறு குழுவிடம் ஒப்படைத்தல் ஆகிய மற்ற நான்கும் கத்தியின்றிக்கூட நடக்கக்கூடியவை.

இந்த நான்கையும் தாங்கும் சொல் ‘இனவழிப்பு’. இன, அழிப்பு என்ற இரண்டுக்கும் இடையே வகர உடம்படுமெய் வந்து புணர்ந்த சொல் இது. ‘இன அழிப்பு’ என்று பிரித்தும் எழுதுகிறார்கள். ஈழத்தமிழர் எழுத்துகளில் இது நெடுங்காலமாகப் புழங்குகிறது. முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18ஐத் தமிழின அழிப்பு நாள் என்று குறிப்பிடும் வழக்கும் உண்டு. தமிழ்நாட்டு இதழ்களில் ‘இனப்படுகொலை’ மேலோங்கியிருக்க, தமிழினம் என்ற சொல்லோடு பிணைத்துப் பேசியவர்கள் அழிப்பு என்பதை விடாமல் வைத்திருந்தது தற்செயலாக இருக்க முடியாது என்று தோன்றுகிறது. (1990களின் பொஸ்னியப் போரோடு பரவிய ‘இனச்சுத்திகரிப்பு’ என்பதை நாம் இவ்வளவு எளிதாக எழுதுவதுதான் வியப்பு. அழிப்பவன் தன் செயலுக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர் அது; ஒப்பந்தத்தில் அச்சொல் இல்லை.)

திரைப்படங்களுக்கு வந்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரிகிறது. எலெம் கிளிமோவ் 1985இல் எடுத்த ‘வந்து பார்’ லெம்கின் பிறந்த அதே பெலாரூஸ் மண்ணின் கதை. நாஜிகள் அங்கே 628 சிற்றூர்களை மக்களோடு எரித்தார்கள் என்று படத்தின் முடிவில் எழுத்து வருகிறது. எரிப்பையும் படம் காட்டத்தான் செய்கிறது. ஆனால் மனத்தைவிட்டு நீங்காதது வேறொரு காட்சி. காட்டிலிருந்து ஊர் திரும்பும் சிறுவன் தன் வீட்டுக்குள் நுழைகிறான், அம்மாவும் தங்கைகளும் இல்லை, அடுப்பிலிருந்த சாறு இன்னும் சூடாக இருக்கிறது, பொம்மைகள் தரையில் கிடக்கின்றன, ஈக்கள் மொய்க்கின்றன. அவன் அந்தச் சாற்றைக் குடிக்கிறான். பிறகு ஓடும்போது உடன் வந்த பெண் ஒருமுறை திரும்பி, வீட்டுக்குப் பின்புறம் குவிந்து கிடக்கும் உடல்களைப் பார்த்துவிடுகிறாள். படுகொலை அந்த ஒரு நொடிப் பார்வைதான். அதற்கு முன் நாம் சமையலறையில் கண்டது முழுவதும் அழிப்பு.

கம்போடிய இயக்குநர் ரித்தி பான், கெமர் ரூஜ் என்ற கம்யூனிச இயக்கத்தின் ஆட்சியில் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் இழந்தவர். 2013இல் வெளியான ‘காணாமற்போன படம்’ என்ற ஆவணப்படத்தில் அவர் களிமண் பொம்மைகளைக் கொண்டு தம் குடும்பத்தை மீண்டும் உருவாக்குகிறார். அங்கே சாவு பெரும்பாலும் பசியாக வருகிறது. வீட்டு அடுப்புகள் அணைக்கப்பட்டு எல்லாரும் பொதுக்கூடத்தில் உண்ண வேண்டும் என்று ஆணையிடப்பட்ட நாட்டில், விலங்குக்கு இடும் உணவை உண்ணமாட்டேன் என்று தந்தை உணவை மறுத்து இறந்துபோகிறார். உயிர்வாழ முடியாத நிலைமைகளைத் திணித்தல் என்ற சட்டத் தொடருக்கு இதைவிடத் தெளிவான உரை எனக்குத் தெரியாது. முரண் என்னவென்றால், சட்டம் இந்தக் குடும்பத்துக்கு அச்சொல்லைத் தரவில்லை. 1975க்கும் 1979க்கும் இடையே அங்கு இறந்தவர்கள் ஏறத்தாழ 17 இலட்சம் பேர். ஆனால் 2018 நவம்பரில் அந்த ஆட்சியாளர்களை விசாரித்த தீர்ப்பாயம் இக்குற்றத்தை அங்குள்ள சிறுபான்மையினரான சாம் முஸ்லிம்கள், வியட்நாமியர் ஆகியோர் தொடர்பில் மட்டுமே உறுதிசெய்தது. நாட்டின் பெரும்பான்மையினரான கெமர் மக்களைக் கெமர் ஆட்சியாளர்களே கொன்றது மானுடத்துக்கு எதிரான குற்றம் என்ற வேறு தலைப்பின்கீழ்ச் சென்றது. வள்ளுவர் கையாண்ட பழைய, அகன்ற ‘இனம்’ அவர்களையும் உள்ளடக்கியிருக்கும்.

இத்தகைய படங்களைப் ‘போர்ப்படம்’ என்ற பெட்டிக்குள் போடுவதும் பொருந்தாது. போரில் இரு தரப்பு உண்டு; இங்கே ஒரு தரப்பிடம் படுக்கை மூட்டையும் பிள்ளைகளும் மட்டுமே இருக்கின்றன. அமைதிக் காலத்திலும் இக்குற்றம் நிகழலாம் என்பதை ஒப்பந்தத்தின் முதல் பிரிவே சொல்லிவிடுகிறது.

பொஸ்னியாவின் சிரெப்ரெனிகா, ஐ.நா. பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்திருந்த ஊர். 1995 ஜூலையில் அது பொஸ்னிய செர்பியப் படைகளிடம் வீழ்ந்தபின் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் பேருந்துகளில் ஏற்றி அகற்றப்பட்டார்கள். பெண்களைக் கொல்லாதபோது இது எப்படி இனத்தை அழிப்பதாகும் என்ற வாதம் ஹேக் நகரத் தீர்ப்பாயத்தில் எழுந்தது. அப்படைகளின் தளபதிகளுள் ஒருவரான கிரிஸ்திச் வழக்கின் மேல்முறையீட்டுத் தீர்ப்பு 2004 ஏப்ரலில் அதற்கு விடை சொன்னது: கொல்லப்பட்ட ஆண்களில் பெரும்பாலோர் பதிவேட்டில் காணாமற்போனோராகவே இருப்பதால் அவர்களுடைய மனைவியர் மறுமணம் செய்ய இயலாது, புதிய பிள்ளைகளும் பிறக்கமாட்டார்கள். யாஸ்மிலா ஜ்பானிச் 2020இல் எடுத்த ‘குவோ வாதிஸ், ஐடா?’ படத்தில், ஐ.நா. படையின் மொழிபெயர்ப்பாளரான ஐடா கணவரையும் இரு மகன்களையும் காப்பாற்ற முகாம் முழுவதும் ஓடுகிறாள். சுடும் காட்சியைப் படம் நேரடியாகக் காட்டுவதில்லை. ஆண்டுகள் கழித்து அவள் தன் பழைய வீட்டுக்குப் போகிறாள். அங்கே வேறொரு குடும்பம் வசிக்கிறது. அவ்வீட்டுப் பெண், எடுத்து வைத்திருந்த குடும்பப் புகைப்படங்களை அவள் கையில் கொடுக்கிறாள்.