வாஷிங் மெஷினில் சோப்பு இறங்கவில்லையா? முதலில் சோப்பு டிராயரைக் கழற்றுங்கள்

"சோப்பை இழுக்கிற பம்ப் போய்விட்டது, மாற்ற எவ்வளவு ஆகும்?" வாட்ஸ்அப்பில் இப்படிக் கேட்டு யாராவது எழுதினாலே எனக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. போன வாரம் சிங்கப்பூரின் செங்காங்கில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. என்னை அழைப்பதற்கு முன் வேறொருவர் வந்து பார்த்து, பம்ப்பை மாற்ற ஒரு தொகை சொல்லியிருக்கிறார். அவ்வளவு கொடுப்பதற்குப் புது மெஷினே வாங்கிவிடலாமே என்று அந்த அக்கா கடைக்குப் போய் விலையும் விசாரித்துவிட்டார். நான் டிராயரை வெளியே இழுத்துப் பார்த்தேன். துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னரை ஊற்றும் குழியில் அல்வா பதத்தில் நீலமாய் ஒரு கட்டி. டிராயரின் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய டூத்பிரஷும் போதுமாக இருந்தன. "இது வெளியே வருமா தம்பி?" என்று அவர் கேட்டதுதான் என்னை இதை எழுத வைத்தது.

வரும். நடுவில் 'புஷ்' என்று போட்ட ஒரு நாக்கு இருக்கும். அதை அழுத்திக்கொண்டே இழுத்தால் முழு டிராயரும் கையோடு வந்துவிடும்.

இப்போது அந்தப் பம்ப் விஷயம். நம் வீடுகளில் இருக்கும் சாதாரண மெஷின்களில் சோப்பை எந்தப் பம்ப்பும் இழுப்பதில்லை. டிராயர் போய் உட்காரும் கூட்டின் கூரையில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அவற்றின் வழியாகக் குழாய்த் தண்ணீர் மேலிருந்து பொழிந்து, தூளையோ திரவத்தையோ அடித்துக்கொண்டு டிரம்முக்குப் போகிறது. அவ்வளவுதான். மெஷினில் பம்ப் இருக்கிறது, ஆனால் அது அடியில் இருந்துகொண்டு அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளுவது. அதற்கும் டிராயருக்கும் சம்பந்தமே இல்லை. தொட்டியில் திரவத்தை மொத்தமாக ஊற்றி வைத்தால் தானே அளந்துகொள்ளும் புது வகை மெஷின்களில் மட்டும்தான் சோப்புக்கென்று ஒரு பம்ப் உண்டு. உங்களுடையது அந்த வகை இல்லையென்றால், "சோப்புப் பம்ப் கெட்டுவிட்டது" என்று சொல்பவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஆகவே சோப்பு தங்கினால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் சரியாக வருகிறதா? இதைக் கேட்காமல், "போட்டது போதவில்லை போல" என்று இன்னொரு கரண்டி போடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கரையாத தூளின் மேல் மேலும் தூளைக் கொட்டினால் எல்லாம் சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகும். அப்படியே உள்ளே போனாலும் நல்லதில்லை. இப்போதைய மெஷின்கள் தண்ணீரைச் சிக்கனமாகத்தான் எடுக்கின்றன. கூடுதல் நுரையை அலச அதற்குத் தண்ணீர் போதாது. பிள்ளையின் பள்ளிச் சீருடைக் கழுத்துப் பட்டையில் வெள்ளைத் திட்டு, துண்டில் ஒரு பிசுபிசுப்பு எல்லாம் அதனால்தான். அதைப் பார்த்துவிட்டுப் பணிப்பெண்ணைத் திட்டுகிறார்கள், பாவம்.

தண்ணீர் வரத்து குறைய முதல் காரணம் குழாய். ஜூன், டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது குழாயை மூடிவிட்டுப் போகிறீர்கள், நல்ல பழக்கம். திரும்பி வந்து பாதி மட்டும் திறக்கிறீர்கள். முழுக்கத் திறங்கள். மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளும்போது பின்னால் ஹோஸ் மடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், ஹோஸ் மெஷினில் சேரும் இடத்தில் ஒரு சின்ன வலை வடிகட்டி இருக்கும். புளோக்கில் தண்ணீர்த் தொட்டி கழுவிய பிறகோ குழாய் வேலை நடந்த பிறகோ அதில் துருவும் மணலும் சேர்ந்துவிடும். சுவிட்சை அணைத்து, பிளக்கை எடுத்து, குழாயை மூடிய பிறகு ஹோஸைக் கழற்றுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். வலையை இடுக்கியால் மெதுவாக இழுத்துக் கழுவி, திரும்பப் போட்டுவிடுங்கள். "வலை இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக வருமே" என்று ஒருவர் அதைத் தூக்கியே எறிந்திருந்தார். அந்த மணல், மெஷினுக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வுக்குள் போய் உட்கார்ந்து, குழாயை மூடினால்தான் தண்ணீர் நிற்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

எந்தக் குழியில் எதைப் போடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஒற்றைக் கோடு போட்ட குழி முன்சலவைக்கு. அந்தச் சுற்றைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அங்கே தண்ணீரே வராது, போட்ட தூள் போட்டபடி இருக்கும். வழக்கமான துவைப்புக்கு இரட்டைக் கோடு. பூப் படம் சாஃப்ட்னருக்கு. சில டிராயர்களில் திரவத்துக்கென்று ஒரு சின்னத் தடுப்புத் தகடு இருக்கும். தூள் போடும்போது அதைத் தூக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் தூள் அதன் பின்னால் அடைத்துக்கொள்ளும். காப்ஸ்யூல் வகை சோப்பு டிராயருக்கே வரக்கூடாது. அதைத் துணிக்கு முன்னால், காலி டிரம்மில் போட வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தயவுசெய்து அந்த டப்பாவை உயரத்தில் பூட்டி வையுங்கள். அது மிட்டாய் மாதிரியே இருக்கிறது.

சாஃப்ட்னரை மேக்ஸ் கோட்டுக்கு மேல் ஊற்றினால் துவைப்பு தொடங்கும் முன்பே வழிந்து வீணாகிவிடும். கெட்டியானதாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். துவைத்து முடித்த பிறகு அந்தக் குழியில் கொஞ்சம் தண்ணீர் நிற்பது பழுது இல்லை. அதற்காகவும் என்னை அழைக்கிறார்கள்.

டிராயரை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். சாஃப்ட்னர் குழியின் மூடியும் தனியாகக் கழலும், அதன் அடியில் இருக்கும் குழல்தான் அடைத்துக்கொள்வது. ஊசி, கம்பி எதையும் விட்டுக் குத்தாதீர்கள். வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிளாஸ்டிக் நெளியும். கைப்பேசி விளக்கைக் கூட்டுக்குள் அடித்து, கூரைத் துளைகளையும் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். பூஞ்சை போக வினிகரையும் பிளீச்சையும் ஒன்றாகக் கலக்கிறார்கள் சிலர். அதிலிருந்து வருவது குளோரின் வாயு. ஜன்னல் மூடிய சமையலறையில் அது விளையாட்டில்லை. ஏதாவது ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். துவைத்து முடிந்ததும் டிராயரைக் கொஞ்சம் திறந்தே விடுங்கள். சோப்புத்தூள் பாக்கெட்டையும் வாய் திறந்தபடி மெஷின் மேல் வைக்காதீர்கள். நம் ஊர் ஈரக் காற்றில் அது டிராயருக்குப் போகும் முன்பே கட்டியாகிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு சோதனை. மெஷினை ஓடவிட்டு, தண்ணீர் எடுக்கும்போது டிராயரைக் கொஞ்சமாக இழுத்து எட்டிப் பாருங்கள். இரட்டைக் கோட்டுக் குழியில் நல்ல வேகத்தில் தண்ணீர் விழ வேண்டும். அங்கே சொட்டாக வந்து, முன்சலவைச் சுற்றைத் தேர்ந்தெடுத்து ஓட்டும்போது அந்தக் குழியில் மட்டும் சரியாக விழுந்தால், தண்ணீர் விடும் வால்வில் ஒரு பக்கம் போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது ஆளைக் கூப்பிடுங்கள். கழற்றிய பழைய வால்வைக் காட்டச் சொல்லி, பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.