ஆர்பிட்ராஜ்: இருந்தால் லாபம், இல்லாவிட்டால் விலை

தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் நாலு விவசாயிகள் நின்று பேசினால் பேச்சு சீக்கிரமே ராமநகரத்துக்குப் போய்விடும், அங்கே இன்றைக்குக் கிலோ என்ன விலைக்குப் போச்சு என்று. அங்கே கூடுதல் என்றால் கூடு கர்நாடகத்துக்கு வண்டி ஏறும். பங்குச்சந்தைப் பழக்கம் உள்ளவர்கள் இதைப் பார்த்து "இதுதான் ஆர்பிட்ராஜ்" என்பார்கள், அதாவது விலை வித்தியாசத்தை வைத்து நஷ்ட பயமில்லாமல் லாபம் எடுப்பது. பாதிதான் சரி. வண்டி வாடகை இருக்கிறது, போய்ச் சேர்வதற்குள் ஏலம் இறங்கலாம், விலை ஏறட்டும் என்று வைத்திருந்தால் அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இது வியாபாரம், துணிச்சலுக்குக் கிடைக்கும் கூலி.

சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. மூலம் லத்தீனின் 'அர்பிட்டர்', அதாவது நடுவர். நடுவருக்கும் லாபத்துக்கும் என்ன சம்பந்தம்? 1704இல் மாத்தியூ டி லா போர்ட் என்பவர் எழுதிய வணிகக் கணக்கு நூலில் இந்தச் சொல், எந்த ஊர் நாணயமாற்று விகிதத்தில் உண்டியலை (பணம் தரச் சொல்லி வணிகர்கள் எழுதும் சீட்டு) மாற்றினால் அதிகம் கிடைக்கும் என்று ஒப்பிட்டுத் தீர்மானிப்பதைக் குறிக்கிறது. ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வது என்ற பொருள் அப்படித்தான் லாபத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

கணிதத்தில் இன்னும் கண்டிப்பு. கைமுதல் ஒரு பைசா போடக்கூடாது, என்ன நடந்தாலும் நஷ்டம் வரக்கூடாது, ஏதாவது ஒரு நிலையிலாவது லாபம் வரவேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் ஆர்பிட்ராஜ். முதல் போட்டு வாங்கும் வங்கி வட்டி இதில் சேராது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பங்கு இன்று 100 ரூபாய், நாளை 120 ஆகலாம் அல்லது 90 ஆகலாம், வேறு வழி கிடையாது, வட்டியும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நாளை அந்தப் பங்கை 100க்கு வாங்கும் உரிமையை (கால் ஆப்ஷன்) ஒருவர் 8 ரூபாய்க்குக் கேட்கிறார். மூன்று ஆப்ஷன் விற்றால் கையில் 24. கூடவே 180 கடன் வாங்கி இரண்டு பங்கை 200க்கு வாங்குங்கள், 4 ரூபாய் மிஞ்சும். நாளை விலை ஏறினால் பங்குகள் 240; கடன் 180, ஆப்ஷன்காரருக்கு ஒன்றுக்கு 20 வீதம் 60, சரியாகிவிட்டது. இறங்கினால் பங்குகள் 180, கடனுக்குச் சரி, ஆப்ஷனுக்குக் கொடுக்க எதுவும் இல்லை. அந்த 4 ரூபாய் எப்படியும் நமக்குத்தான். இதைப் பார்த்து எல்லோரும் விற்க வருவார்கள், விலை இறங்கும், 6 ரூபாய் 67 காசு சுமாருக்கு வந்துதான் நிற்கும்; அந்த விலையில் மூன்று விற்றால் 20 ரூபாய்தான், மிச்சம் எதுவும் இருக்காது.

இதில் பங்கு ஏற எவ்வளவு வாய்ப்பு என்று நாம் கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? எனக்கு இந்தத் துறையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஆர்பிட்ராஜ் கிடையாது என்று எடுத்துக்கொண்டாலே விலை வந்துவிடுகிறது. 1973இல் பொருளியல் அறிஞர்கள் பிளாக், ஷோல்ஸ், மெர்ட்டன் ஆகியோர் விலை நொடிக்கு நொடி மாறும் சந்தைக்குச் செய்ததும் அடிப்படையில் இதே வேலைதான். 1979இல் ஹாரிசனும் கிரெப்ஸும் இதற்கு மார்ட்டிங்கேல் (சராசரியில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்கிற நியாயமான ஆட்டம்) என்னும் நிகழ்தகவுக் கணித வடிவம் கொடுத்தார்கள்.

தமிழில் என்ன சொல்வது? 'நடுவர் தீர்ப்பு' வேண்டாம், அது வழக்கைத் தீர்க்கும் ஆர்பிட்ரேஷனுக்குப் போய்விட்டது. சந்தைச் செய்திக்கு 'விலை வேறுபாட்டு ஆதாயம்' போதும், படித்ததும் புரியும். பாடநூலுக்கு அது பற்றாது, மேலே பார்த்த கணக்கில் ஒரே பொருளுக்கு இரண்டு சந்தையே இல்லையே. அங்கே 'முதலில்லா இடரில்லா ஆதாயம்' என்பேன், கொஞ்சம் நீளம்தான். 'இடரில்லா ஆதாயம்' என்று சுருக்கினால் வங்கி வட்டியும் உள்ளே வந்துவிடும்.

அப்புறம், மியூச்சுவல் ஃபண்டில் 'ஆர்பிட்ராஜ் ஃபண்ட்' என்று ஒன்று விற்கிறார்கள். பங்கை ரொக்கச் சந்தையில் வாங்கி, அதையே ஃபியூச்சர்ஸில் (பின்னொரு நாளுக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) கூடுதல் விலைக்கு விற்று, முடிவு நாளில் இரண்டு விலையும் ஒன்றாகும்போது நடுவில் இருந்த வித்தியாசத்தை எடுப்பது அதன் வேலை. உங்கள் பணத்தைப் போட்டுத்தான் செய்கிறார்கள், இடையில் சில நாள் மதிப்பு இறங்கவும் செய்யும், வருமானம் பெரும்பாலும் குறுகிய கால வட்டியை ஒட்டித்தான் இருக்கும். ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ யாராவது பெயரைக் காட்டி "ரிஸ்க்கே கிடையாது சார்" என்று படிவத்தை நீட்டினால், கணக்குப் புத்தகத்து ஆர்பிட்ராஜா, கடைவீதி ஆர்பிட்ராஜா என்று கேளுங்கள்.