கேப்பர்: ஆட்டுக்கிடாயில் பிறந்த சொல்லுக்குத் தமிழில் என்ன?

ஓடிடி தளத்தில் ஒரு படத்தின் பெயருக்குக் கீழே ‘கிரைம் கேப்பர்’ என்று போட்டிருந்தால், குற்றம் உண்டு, ஆனால் பயந்து சாக வேண்டியதில்லை என்று பொருள். நாலைந்து பேர் கூடி எதையோ அடித்துக்கொண்டு போகத் திட்டம் போடுவார்கள். திட்டம் எங்கோ கோணிக்கொள்ளும். பார்க்கிறவர் திருடன் பக்கம் சேர்ந்துகொண்டு சிரிப்பார். இதைத் தமிழில் ‘நகைச்சுவை கலந்த குற்றப் படம்’ என்று எழுதுகிறோம். அது விளக்கம்தான், இன்னும் சொல்லாகவில்லை.

முதலில் அடுப்படிக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கேப்பர் என்ற பெயரில் உப்பில் ஊறப்போட்ட ஒரு பூமொட்டும் கடைகளில் கிடைக்கிறது. மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. ‘காப்பரிஸ்’ என்ற கிரேக்கப் பெயரிலிருந்து வந்த சொல். நம் வேலிகளில் படரும் ஆதண்டை அதற்குச் சொந்தக்காரச் செடி. ஆதண்டங்காய் வத்தல் போட்டுக் குழம்பு வைத்த வீட்டுக்காரர்கள் அந்தக் கேப்பருக்குத் தூரத்து உறவு என்று சொல்லிக்கொள்ளலாம். திருட்டுக் கேப்பருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

திருட்டுக் கேப்பரின் மூதாதை ஓர் ஆட்டுக்கிடாய். இலத்தீனில் ‘காப்பர்’ என்றால் கிடாய். அதிலிருந்து சிறு மான் ஒன்றுக்குப் பெயர் வந்தது. அந்த மான் துள்ளுவதைப் பார்த்து இத்தாலியில் துள்ளலுக்குக் ‘காப்ரியோலா’ என்று பெயர் வந்தது. ஆங்கிலத்துக்கு 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்து சேர்ந்தபோது கேப்பர் என்றால் துள்ளிக் குதிப்பது, அவ்வளவுதான். துள்ளல் பிறகு சேட்டையானது. சேட்டை, 1920களில் அமெரிக்கத் திருடர்களின் பேச்சில் ‘ஒரு வேலை’ ஆனது. நம் ஊரிலும் ‘ஒரு வேலை இருக்கு, வர்றியா?’ என்று குரலைத் தாழ்த்திக் கேட்டால் அது மேஸ்திரி வேலை ஆகாது.

பக்கத்து வீட்டுச் சொல் ஹெயிஸ்ட். ஸ்பெயின் நாட்டுத் தொடர் ஒன்று ‘மணி ஹெயிஸ்ட்’ என்ற பெயரில் தமிழ்க் குரலிலும் ஓடியதால் இந்தச் சொல் இங்கே வீட்டுக்கு வீடு தெரியும். (அதன் ஸ்பானியப் பெயருக்குக் ‘காகித வீடு’ என்று பொருள்.) ஹெயிஸ்ட் என்பது தூக்குதல் என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு என்றே கருதப்படுகிறது. ‘வண்டியைத் தூக்கிட்டான்’ என்று நாம் சொல்வதும் அதே கணக்குதான். ஹெயிஸ்ட் செய்கிற வேலையைக் குறிக்கும். கேப்பர் அந்த வேலை நடக்கிற நடையைக் குறிக்கும். ஒரே வங்கித் திருட்டை மூச்சுப் பிடித்துப் பார்க்க வைத்தால் ஹெயிஸ்ட், வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தால் கேப்பர்.

இனி தமிழுக்கு வருவோம். இலத்தீன்காரன் கிடாயிலிருந்து துள்ளலுக்குப் போனான். நமக்கோ மேய்கிற ஆடும், கூத்தாடு என்கிற ஆடும் ஓசையில் ஒன்று. (வேர் ஒன்று என்று சொல்ல வரவில்லை, காதுக்கு ஒன்று.) கொச்சையில் திருடுவதற்கு ‘ஆட்டையைப் போடுவது’ என்று பெயர். இவற்றையெல்லாம் விட முக்கியம், திருடுவதற்கு நல்ல தமிழில் ‘களவாடு’ என்றே சொல் இருப்பது. களவோடு ஆடு சேர்ந்துவிட்டது. சூதாடு சூதாட்டம் ஆனது, போராடு போராட்டம் ஆனது, கொண்டாடு கொண்டாட்டம் ஆனது. களவாடு மட்டும் ஏன் பாதியில் நிற்க வேண்டும்? களவாட்டம். கேப்பருக்கு எங்கள் பரிந்துரை இதுதான். களவும் இருக்கிறது, ஆட்டமும் இருக்கிறது, ஒன்றையும் ஒட்டுப்போடவில்லை.

‘கொள்ளை’ என்ற சொல் பொருந்தாது. கொள்ளையில் வன்முறை உண்டு. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. பலத்தையோ அச்சுறுத்தலையோ காட்டிப் பறித்தால்தான் கொள்ளை, அதிலும் 5 பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை, தண்டனையும் கூடும். களவு என்பது கண்ணில் படாமல் நடப்பது. காதலர் ஒளிந்து சந்திப்பதையும் களவு என்றுதான் தொல்காப்பியம் சொல்கிறது. அந்தத் திருட்டு முழியும் படபடப்பும் இந்தப் படங்களுக்கு வேண்டும். ‘தில்லுமுல்லு’, ‘தகிடுதத்தம்’ இரண்டும் காதுக்கு ஜதி போல இனிக்கின்றன, ஆனால் அவை ஏமாற்று வேலைக்குரியவை. ஏமாற்றுக்குப் பேர்போன 420ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 318 ஆகிவிட்டது. திட்டுகிற வாய்க்கு இன்னும் தகவல் போகவில்லை. ‘திருட்டுக்கூத்து’ என்று ஒருவர் சொல்லலாம். அனுமதி வாங்காமல் நடத்திய தெருக்கூத்து என்றுதான் நினைக்கத் தோன்றும்.

சொல் புதிது, சரக்கு பழசு. சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் காவலர்களிடம் கள்வரின் துணைகள் எட்டு என்று பட்டியல் போடுகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. இன்றைக்குக் களவாட்டத் திரைக்கதை எழுதுகிறவர் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டிய பட்டியல் இது. அதோடு விடாமல் ஒரு கதையும் சொல்கிறான். ஒரு கள்வன் தூதன் வேடத்தில் அரண்மனை வாயிலில் இருக்கிறான். இருட்டியதும் பெண் வேடத்தில் உள்ளே போகிறான். விளக்கு நிழலில் நடந்து, தூங்குகிற இளவரசனின் வயிர ஆரத்தை உருவுகிறான். இளவரசன் விழித்து உடைவாளை உருவுகிறான். கள்வன் உறையைக் கையில் வாங்கிக்கொண்டு, வாள் பாய்கிற ஒவ்வொரு தடவையும் அதை உறைக்குள்ளேயே வாங்கி அடைக்கிறான். மல்லுக்கு வந்தால் இருட்டில் ஒரு மணித்தூணைத் தானென்று காட்டிவிட்டு நழுவுகிறான். இளவரசன் தூணோடு மல்லுக்கட்டுகிறான்! வேடம், நுழைவு, திட்டம் கோணல், சமயோசிதம், தப்பித்தல் எல்லாம் சில வரிகளுக்குள். ஆனாலும் படிக்கும்போது சிரிப்பு வருவதில்லை. சொல்கிறவன்தான் உண்மைத் திருடன், கேட்ட கையோடு காவலரில் ஒருவன் கோவலனை வெட்டப் போகிறான். குற்றமற்றவர் ரத்தம் ஒரு சொட்டு விழுந்தாலும் களவாட்டம் அதோடு சரி. இந்த வகையின் முதல் சட்டம் அதுதான்.

மற்றச் சட்டங்களும் கறாரானவை. பறிகொடுக்கிறவர் ஏழையாக இருக்கக் கூடாது; கொஞ்சம் திமிரோ பேராசையோ அவரிடம் வேண்டும். கூட்டத்தில் 4 முதல் 7 பேர். அதற்கு மேல் போனால் யார் பூட்டுக்காரன், யார் வண்டிக்காரன் என்று பார்க்கிறவருக்கு மறந்துவிடும். ஆளுக்கு ஒரு திறமை, ஒரு பலவீனம், அந்தப் பலவீனம் சரியாக வேலை நடக்கும் நேரத்தில் தலைகாட்ட வேண்டும். திட்டத்தை முழுக்க விளக்கிச் சொன்னால் அது கெட்டாக வேண்டும். நினைத்தபடியே நடந்தால் ஒரே காட்சியை இரண்டு முறை பார்த்த அலுப்பு. கெடுக்கிற காரணம் சிறியதாகவும், முன்பே கண்ணில் பட்டதாகவும் இருக்க வேண்டும். தற்செயல் திருடனுக்கு இடைஞ்சலாக வரலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். உதவியாக ஒரு முறை வந்தாலும் அது எழுதியவரின் களவு.

1958இல் மரியோ மோனிசெல்லி எடுத்த இத்தாலியப் படத்தில், அடகுக் கடைக்குள் போகப் பக்கத்து வீட்டுச் சுவரில் கன்னம் வைக்கிறார்கள். ராத்திரி முழுக்கக் குடைந்து எட்டிப் பார்த்தால் அதே வீட்டு அடுக்களை. வேறு வழியில்லாமல் அங்கிருந்த பாஸ்தாவும் கொண்டைக்கடலையும் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கெட்டதற்குக் காரணம், மேசை நாற்காலி இடமாறிக் கிடந்ததால் சுவரைத் தப்பாகப் பிடித்தது. காரணம் சிறுக்கச் சிறுக்கச் சிரிப்பு பெருக்கும்.

தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் சறுக்குகிற இடம் பாட்டு. களவாட்டத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நாயகன் வெளியூர் மணல்மேட்டில் ஆடப் போய்விட்டால் இரும்புப்பெட்டி யாருக்காகக் காத்திருக்கும்? தொடர்களில் வியாதி வேறு. ஒரே திருட்டை எட்டுப் பத்து அத்தியாயத்துக்கு இழுக்க ஆளாளுக்குப் பழங்கதை சேர்ப்பார்கள், ஆட்டம் நின்று அழுகை வந்துவிடும்.

செட்டிநாட்டு வீட்டை இதற்குக் களமாக நினைத்துப் பாருங்கள். 1947இல் வந்த ‘நாம் இருவர்’ காரைக்குடியிலேயே எடுக்கப்பட்டது. இன்றும் படப்பிடிப்புக்கு இந்த வீடுகள் வாடகைக்குப் போகின்றன. ஆனால் பண்ணையார் வீடாகவோ கல்யாண வீடாகவோ காட்டுவதோடு பெரும்பாலும் முடித்துக்கொள்கிறார்கள். முகப்பு, வளவு (உள்முற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வீடு நேர்கோட்டில் நீளும். முகப்பில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் தெரியும். ஒளிய ஒரு வளைவு கிடையாது. வளவைச் சுற்றிப் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு. பொதுச் சாமானில் எது யார் பங்கு என்பது வீட்டுக்காரர்களுக்கே தகராறு.

எதைத் திருடுவது? கழுத்திருவைத் தொடக் கூடாது. தாலியில் கை வைத்தவனோடு எந்த ஊரிலும் யாரும் சேர்ந்து சிரிக்க மாட்டார்கள். ஊஞ்சல் பலகை நல்ல சரக்கு. ஓர் ஆச்சியை ஏமாற்றி அடிமாட்டு விலைக்கு அதை வாங்கிப்போன ஒரு பேராசைக்காரர் வீட்டுக் கல்யாணம். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அங்குலக் கனம் உள்ள தேக்குப் பலகை 35 கிலோ வரும். பைக்குள் போடவும் முடியாது, தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது. உறவுக்காரர் போல நடித்து, அதை நேர்கோட்டுக் கதவுகள் வழியாக எடுத்துப் போக வேண்டும். வளவில் ஒரு பெரிய ஆச்சி.

“தம்பி, நீங்க எந்தக் கோயிலு?”

திருடன் தனக்குத் தெரிந்த ஒரே பெயரைச் சொல்கிறான். “பிள்ளையார்பட்டி, ஆச்சி.”

“அட, அப்ப நம்ம பங்காளியில்ல! பலகையக் கீழ வைங்க. பந்தியில ஆளுப் பத்தல, இந்தச் சாம்பார் வாளியப் பிடிங்க.”

செட்டிநாட்டு நகரத்தாரில் பொதுவாக ஒரே கோயில்காரர் பங்காளி. பங்காளி என்றால் உரிமையும் உண்டு, வேலையும் உண்டு. திருடன் சொன்ன பொய்யே அவனை இலைக்கு இலை சாம்பார் ஊற்ற வைக்கிறது. அதற்குள் சாமான் சிட்டை எழுதுகிறவர் ‘ஊஞ்சல் பலகை 1’ என்று குறித்துக்கொண்டு, வாங்கிப் போகிறவர் விலாசம் என்ன என்று பேனாவோடு நிற்கிறார். துப்பாக்கி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. உபசாரமே காவல்.

முடிவு பற்றியும் ஒரு வார்த்தை. 1934 முதல் 1968 வரை ஹாலிவுட்டில் தணிக்கை நெறி இருந்தது, குற்றவாளி பலன் அனுபவிக்கக் கூடாது. அதனால் பணம் கைக்கு வந்தும் தொலையும். 1960இன் ‘ஓஷன்ஸ் 11’ படத்தில் சவப்பெட்டியில் ஒளித்த பணம் பிணத்தோடு எரிந்தே போகிறது. ‘களவினால் ஆகிய ஆக்கம் அளவிறந்து ஆவது போலக் கெடும்’ என்று குறள் அந்தக் கடைசிக் காட்சியை முன்பே எழுதிவிட்டது. இங்கே தணிக்கை வழிகாட்டுதல்களின்படி குற்றம் செய்யும் முறையைத் தூண்டுகிற விதத்தில் காட்டக் கூடாது. எனவே பூட்டுத் திறக்கும் நுட்பத்தை விட்டுவிட்டு, திறக்கிறவன் முகத்தைக் காட்டுவதே நல்லது. சிரிப்பும் அங்கேதான் இருக்கிறது. பாரதி ‘தருமத்தின் வாழ்வதனைச் சூது கவ்வும், தருமம் மறுபடி வெல்லும்’ என்றார். 2013இல் வந்த ‘சூது கவ்வும்’ வரியின் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டது, பெயரிலும் முடிவிலும்.

எழுதும்போது: களவாட்டப் படம், களவாட்டத் தொடர் என்று ஒற்று மிகும். ‘நகைச்சுவைக் களவாட்டம்’ என்று நீட்ட வேண்டியதில்லை; ஆட்டத்திலேயே அது அடங்கும். ஹெயிஸ்டுக்குப் பெருங்களவு போதும். பேச்சில் ‘செம களவாட்டம்டா’ என்று வந்துவிட்டால் சொல் ஊன்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.